மழைநாட்டில் ஒரு சம்படம்

கொல்கத்தாவில் குடியிருக்கும் நமக்கு மழை புதிதன்று. முழங்கால் அளவு நீரில் நடந்து அலுவலகம் சென்று மீண்டவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆகவே, மழையைப் பார்ப்பதற்கென்றே பணம் செலவிட்டு மேகாலயத்துக்குப் புறப்படுகிறோம் என்று நாங்கள் சொன்னபோது அண்டை வீட்டு அன்பர் நகைத்தார். “மழைதான் வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போனால் போதாதா?” என்று கேட்டார். ஆயினும், இளமையில் பூகோளப் பாடத்தில் சிரபுஞ்சி என்று மனப்பாடம் செய்த ஊரைக் கண்ணால் காணவேண்டும் என்னும் ஆசை எங்களுக்கு நெடுநாளாக இருந்து வந்தது. சென்ற ஆனி மாதத்தில் அது நிறைவேறியது.

நாங்கள் கணவன் மனைவி இருவர், கல்லூரியில் பயிலும் மகன், பள்ளியில் பயிலும் மகள், நெல்லைச் சீமையிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த தமக்கையார் என ஐவர் புறப்பட்டோம். தமக்கையாருக்கு வயது அறுபது. வயல் வரப்பில் நடந்து பழகிய கால்கள் அவருடையவை. மலையைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

ஹௌராவில் மாலையில் ரயிலேறி மறுநாள் முற்பகலில் குவாஹாட்டி அடைந்தோம். அங்கிருந்து ஷில்லாங் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். வழியில் உமியம் ஏரி மலைகளுக்கிடையே விரிந்து கிடக்கின்றது. ஷில்லாங்கில் ஓரிரவு தங்கி, மேலும் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாகத் தெற்கே சென்றால் சிரபுஞ்சி. அவ்வூர் மக்கள் அதனைச் சோஹ்ரா என்றே வழங்குகின்றனர்.

வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்று, வங்காள தேசத்துச் சமவெளியைத் தடையின்றிக் கடந்து, சுவர்போல் எழும் காசி மலைகளில் வந்து மோதுகின்றது. மேலே எழும்பிக் குளிர்கின்றது. சுமையை அங்கேயே இறக்கிவிடுகின்றது. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரண்டு மாதங்களில் இங்கே பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். உலகில் எவ்விடத்தும் பன்னிரண்டு மாதங்களில் அத்துணை மழை பதிவானதில்லை. ஆண்டுச் சராசரியில் அருகிலுள்ள மாசின்ராம் இதனை விஞ்சி நிற்கின்றது. இவ்வளவு பெய்தும், சரிவான பாறை நிலத்தில் நீர் நில்லாமல் ஓடிவிடுவதால், மாரிக்காலத்திற்குப் பின் பெண்கள் குடிநீருக்காக நெடுந்தூரம் நடக்க நேர்கின்றது என்பதைக் கேட்டபோது மனம் வருந்தியது.

சோஹ்ராவில் எங்கள் கருத்தை முதலில் கவர்ந்தது அருவியன்று. வயலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்களின் முதுகில் கவிழ்ந்திருந்த ஒரு பொருள். காசி மொழியில் அதற்குக் ‘க்னூப்’ என்று பெயர். மூங்கிலையும் பிரம்பையும் மெல்லிய பட்டைகளாகச் சீவி முடைந்து, இடையே இலைகளைப் பரப்பி, பாதிச் சிப்பியின் வடிவில் செய்திருக்கிறார்கள். தலையில் மாட்டிக்கொண்டால் முழங்கால் வரை முதுகை மூடுகின்றது. எவ்வளவு குனிந்தாலும் மழை உடலில் படுவதில்லை. அனைத்தினும் மேலாக, இரு கைகளும் வேலைக்கு ஒழிந்திருக்கின்றன.

“இது நம்ம ஊர்க் கொங்காணிதானே!” என்றார் தமக்கையார். நாற்று நடும் பெண்கள் பனையோலையிலும் சாக்கிலும் செய்து தலைமேல் போட்டுக்கொள்ளும் கொங்காணியை எங்கள் பிள்ளைகள் கண்டதில்லை. அதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வாய்ப்பு எங்களுக்கு மேகாலயத்தில் வந்து வாய்த்தது.

மறுநாள் டைர்னா என்னும் சிற்றூரிலிருந்து நோங்ரியாட் என்னும் பள்ளத்தாக்கு ஊருக்குப் படியிறங்கி, அங்குள்ள ஈரடுக்கு வேர்ப்பாலத்தைக் காண்பது என்று முடிவாயிற்று. இங்கே இரவிலும் விடியற்காலையிலும் மழை வலுத்துப் பெய்வது வழக்கமாதலால், அது சற்று ஓய்ந்த பின் எட்டு மணிக்குப் புறப்பட்டோம்.

புறப்படுமுன் அவரவர் கைபேசியைக் காப்பதற்கு ஏற்பாடு நடந்தது. இக்காலத்தில் கைபேசி வெறும் பேசும் கருவியாகவா இருக்கின்றது? எங்கள் ரயில் பயணச்சீட்டு அதில். வண்டிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பணம் அதில். எடுத்த படங்கள் அதில். உற்றார் உறவினரின் எண்கள் யாவும் அதில். மகன் மட்டும் ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்றான். “என்னுடையது ஐ.பி. 68. தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது” என்றான். மகளுக்குத் தனியே கைபேசி கிடையாது. நாங்கள் இருவர் கைபேசிகளையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளில் இட்டு, வாயைப் பூட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டோம்.

தமக்கையார் தம் பழைய பொத்தான் கைபேசியை அணைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கைக்குட்டையால் பொதிந்து, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படம் ஒன்றில் வைத்தார். அதனுடன் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளையும், தொலைபேசி எண்கள் எழுதிய சிறு குறிப்பேட்டையும் வைத்து மூடினார். “அத்தை, அதற்குள் இருந்தால் மணி அடிப்பதுகூடக் கேட்காதே!” என்று மகன் சிரித்தான். “நான் கூப்பிடுவதற்குத்தான் வைத்திருக்கிறேன் மருமகனே” என்று சொல்லிச் சம்படத்தைப் பையின் அடியில் வைத்தார் அவர்.

டைர்னாவிலிருந்து இறங்கும் படிகள் மூவாயிரத்துக்கு மேல். பாசி படிந்த கற்படிகள். இருபுறமும் பாக்கு மரங்களும் பலா மரங்களும். ஆற்றைக் கடக்க இரும்புக் கம்பிகளால் ஆன தொங்குபாலங்கள் உண்டு. அவற்றில் நடக்கும்போது இரு பக்கத்துக் கம்பியையும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் க்னூப்பின் அருமை எங்களுக்கு விளங்கியது. ஒரு கையில் குடை, மறு கையில் கைபேசி என்றால், வழுக்கும் படியில் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? குடைகளை மடக்கிவிட்டு நனைந்தபடியே நடந்தோம்.

வேர்ப்பாலத்தின் முன் நின்றபோது பட்ட பாடெல்லாம் மறந்தது. இந்திய ரப்பர் மரத்தின் விழுதுகளை ஆற்றின் குறுக்கே இழுத்துச் சென்று, பாக்கு மரத் தண்டுகளில் வழிகாட்டி, எதிர்க்கரையில் ஊன்றச் செய்து, பல ஆண்டுகள் காத்திருந்து பாலமாக்குகின்றனர். நட்டவர் நடந்து பார்ப்பதற்குள் முதுமை வந்துவிடுவதும் உண்டாம். வெட்டிய மரத்தால் பாலம் கட்டினால் இந்த மழையில் அது விரைவில் உளுத்துப்போகும். உயிருள்ள வேரோ, மழையைக் குடித்து மேன்மேலும் தடிக்கின்றது. காசி, ஜயந்தியா மலைகளின் இத்தகைய பாலங்கள் 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. நோங்ரியாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குகள். கீழே வெள்ளம் நுரைத்துப் பாய, மேலே நாங்கள் பேச்சற்று நின்றோம்.

எங்கள் இடையூறு அங்கேதான் தொடங்கிற்று. படம் எடுக்கலாம் என்று உறையைப் பார்த்தால், உள்ளே ஆவி படர்ந்திருக்கின்றது. ஈரக் காற்றோடு சேர்த்துப் பூட்டிய உறை, உடற்சூட்டில் வெதும்பியும் மழையில் குளிர்ந்தும் உள்ளேயே வியர்த்துவிட்டது. பொறுமையிழந்து மழையிலேயே கைபேசிகளை வெளியே எடுத்தோம். திரையில் விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு விரல்போல் செயற்பட்டது. வேண்டாதவை எல்லாம் தாமே திறந்தன. பள்ளத்தாக்கில் அலைவரிசை வருவதும் போவதுமாக இருந்தமையால், அதைத் தேடித் தேடியே மின்கலமும் வற்றிக்கொண்டிருந்தது. மின்னூட்டக் கம்பியைச் செருகினால், துளையில் ஈரம் இருக்கிறது, உலரும் வரை மின்னேற்ற இயலாது என்று திரையில் எச்சரிக்கை தோன்றியது. திரும்பி ஏறத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் எங்கள் கைபேசிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் மூடின.

மகனோ, கரையோரத்துக் குட்டையில் தன் கைபேசியை முழுக வைத்து மீன்களைப் படம் பிடித்தான். இரண்டு நிமிடங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. மூன்றாம் நிமிடம் திரை வெளுத்தது, பின் கறுத்தது. அவன் முகமும் அவ்வாறே மாறியது.

ஏறி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை. படிகளின் களைப்பு மட்டும் அதற்குக் காரணமன்று. மாலை நாலரை மணிக்கு டைர்னாவின் உச்சியில் உள்ள தேநீர்க் கடையை அடைந்தோம். தேநீருக்குக் கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லை. கடைக்கார அம்மையார் எங்கள் தவிப்பைக் கண்டு, கேளாமலே ‘க்வாய்’ எடுத்து நீட்டினார். ஈரப் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த அதுதான் காசி மக்களின் விருந்தோம்பல். வெற்றிலை தந்து வரவேற்கும் வழக்கம் நமக்கும் உரியதன்றோ! தமக்கையார் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டு, அவ்வூர் முறைப்படி “கோங்” என்று அவரை அழைத்தார். தமக்கை என்று பொருள்படும் அச்சொல்லை அவர் காலையிலேயே கற்று வைத்திருந்தார்.

பிறகு சம்படத்தைத் திறந்தார். உள்ளே பொட்டு ஈரமில்லை. நோட்டை எடுத்துத் தேநீருக்குக் கொடுத்துவிட்டுக் கைபேசியை உயிர்ப்பித்தார். உடனே அது கிணுகிணுவென்று ஒலிக்கத் தொடங்கி நிற்கவேயில்லை. நெல்லையிலிருந்து எங்கள் தம்பி அழைத்து அழைத்துக் கிடைக்காமற்போன அழைப்புகளைத் தெரிவிக்கும் செய்திகள் அவை. எண்ணிப் பார்த்தோம், பதினேழு.

நடந்தது இதுதான். மேகாலயத்தில் ஏதோ ஒரு சாலையில் மழையால் மண் சரிந்ததாகத் தொலைக்காட்சியில் காட்டியிருக்கிறார்கள். அதை எண்பதை நெருங்கும் எங்கள் அன்னையார் பார்த்துவிட்டார். எங்கள் இருவரையும் அழைத்தால் பதிலில்லை. பேரனை அழைத்தால் பதிலில்லை. மகளை அழைத்தாலும் பதிலில்லை. நண்பகல் முதல் அன்னம் தொடாமல் பூசை அறையில் உட்கார்ந்திருந்தாராம். தம்பி விமானச் சீட்டுக்கு விசாரிக்கத் தொடங்கிவிட்டானாம்.

தமக்கையாரிடமிருந்து கைபேசியை வாங்கி, “அம்மா, நாங்கள் நலம். மழையில் நனைந்துவிட்டோம், அவ்வளவுதான்” என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பின்பு அன்னையார் சொன்னார்: “நனைஞ்சா துவட்டிக்கிடலாம் ஐயா. குரல் கேட்கலேன்னா இங்க நாங்க என்ன செய்ய?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. வேறு மாநிலத்தில் பிழைக்க வந்த நாம் ஒவ்வொருவரும் ஊரில் ஒருவரை இவ்வாறு காத்திருக்க வைத்திருக்கிறோம். கைபேசி நனைவது பெரிதன்று. நனைந்தது நாம் மட்டுமே என்று அவர்களுக்குத் தெரியாமற்போவதே பெரிது. அழைப்பவரின் எண் எங்களில் எவர் நினைவிலாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பிறந்த வீட்டு எண்ணை மறந்து, அதைப் பொறியிடம் ஒப்படைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

அன்றிரவு விடுதியில் மகன் தன் கைபேசியை ஒரு படி அரிசிக்குள் புதைத்து வைத்தான். கொல்கத்தா திரும்பியதும் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் அதைத் திறந்து காட்டிச் சொன்ன செய்திகள் எல்லா வீட்டுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

ஐ.பி. என்பது பொருளுக்குள் தூசியும் நீரும் புகாத அளவைக் காட்டும் உலகத் தரக் குறி. முதல் எண் தூசிக்கு. இரண்டாம் எண் நீருக்கு. நான்கு என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம் தாங்கும். எட்டு என்றால் அதனினும் கடுமையான சோதனை. ஆழமும் நேரமும் செய்தவர் குறிப்பிட்டவாறு. இச்சோதனை யாவும் புதிய கருவியை அசைவற்ற நன்னீரில் இட்டுச் செய்வது. கடல்நீருக்கும், சோப்பு நீருக்கும், பாய்ந்து வரும் வெள்ளத்துக்கும் அந்த எண் உறுதி கூறுவதில்லை. விளிம்பில் உள்ள பசையும் ரப்பரும் நாளடைவில் தளர்கின்றன. எங்கள் மகனின் கைபேசி மூன்று ஆண்டுப் பழையது. ஒருமுறை கீழே விழுந்து, ஒரு கடையில் கண்ணாடி மாற்றப்பட்டது. திறந்து மூடியபோதே பழைய காப்பு போயிற்று. பெட்டியில் அச்சிட்ட எண் மட்டும் எஞ்சியது. நீரால் நேர்ந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் ஏற்பதும் இல்லை.

அரிசி வைத்தியமும் பயனற்றதாம். உள்ளே புகுந்த நீரை வெளியே உள்ள அரிசி இழுப்பதில்லை. அதன் தூளும் நொய்யும் துளைகளில் அடைவதே மிச்சம். ஆப்பிள் நிறுவனமும் 2024-ஆம் ஆண்டில் தன் கைபேசிகளை அரிசியில் வைக்கவேண்டாம் என்று அறிவுறுத்தியது. நனைந்த கைபேசியை உடனே அணைக்கவேண்டும். நீரும் மின்னோட்டமும் சேரும்போதுதான் உள்ளிருக்கும் உலோகம் விரைந்து அரிக்கின்றது. ஆகவே, இயங்குகிறதா என்று மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதும், மின்னேற்றுவதும் கூடா. வெளியே துடைத்து, சிம் தட்டை எடுத்துவிட்டு, துளை கீழ்நோக்க மெதுவாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது உலர விடவேண்டும். முடி உலர்த்தும் கருவியின் வெப்பம் ஆகாது. துளைக்குள் பஞ்சும் குச்சியும் ஆகா. கடல்நீரில் விழுந்தால் உப்பு தங்கி அரிக்கும் என்பதால் அதனைத் தாமதியாமல் பழுது பார்ப்பவரிடம் சேர்ப்பது நன்று.

உறையைப் பற்றியும் பாடம் கற்றோம். புதிய உறைக்குள் முதலில் ஒரு காகிதத் துண்டை மட்டும் இட்டு, வாளி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்திப் பார்க்கவேண்டும். காகிதம் நனையாவிட்டால் கைபேசியை நம்பி வைக்கலாம். உலர்ந்த அறையிலேயே உறையைப் பூட்டவேண்டும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றை உள்ளே இட்டால் ஆவி படர்வது குறையும். கூரையின் கீழ் நின்றாலன்றி அதைத் திறக்கலாகாது. படமெடுக்கத் திரையைத் தொட வேண்டுவதில்லை. பல கைபேசிகளில் ஒலியைக் கூட்டும் பொத்தானே போதும்.

எங்கள் கைபேசிகள் இரண்டும் உலர்ந்து பிழைத்துக்கொண்டன. மகனுடையது பிழைக்கவில்லை. வேர்ப்பாலத்தில் அவன் எடுத்த படங்களும், வேறெங்கும் படியெடுத்து வைக்காத ஓராண்டுப் படங்களும் போயின. அவற்றுள் சென்ற பொங்கலுக்கு அவன் பாட்டியின் அருகில் அமர்ந்து எடுத்துக்கொண்டதும் ஒன்று. அதைச் சொன்னபோது அவன் குரல் கம்மியது. இந்தத் தீபாவளிக்கு ஊருக்குச் சென்று மறுபடி எடுத்துக்கொள்வது என்று தீர்மானம் ஆயிற்று. சீட்டும் வாங்கியாகிவிட்டது, இம்முறை காகிதத்திலும் ஒரு படி எடுத்து வைத்திருக்கிறோம்.

அடுத்த பயணத்துக்கு எங்கள் வீட்டில் புது வழக்கம் ஒன்று ஏற்பட்டிருக்கின்றது. குழுவில் ஒரு கைபேசி படத்துக்கும் வழிபார்க்கவும் பயன்படாமல், அணைத்து, உலர்ந்த இடத்தில் இருக்கவேண்டும். கொஞ்சம் ரொக்கமும், எழுதிய எண்களும் அதனுடன் இருக்கவேண்டும். அலைவரிசை கிடைக்காத இடத்துக்குப் போகுமுன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் புறப்படவேண்டும். மகனும் மகளும் பாட்டி வீட்டு எண்ணை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டார்கள்.

தமக்கையார் ஊர் திரும்பும்போது சம்படத்தை எங்களிடமே விட்டுச் சென்றார். சோஹ்ராச் சந்தையில் வாங்கிய சிறிய க்னூப் ஒன்று எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகின்றது. அதன் கீழே அலமாரியில் அந்தச் சம்படம் இருக்கின்றது. பார்க்க வருவோர் க்னூப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாங்கள் இரண்டையும் பற்றிச் சொல்கிறோம்.